பந்தாய் வளாகத்தின் இரண்டு வரலாற்றாசிரியர்கள்

1960களில் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் பந்தாய் வளாகத்தில், ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு வரலாற்றாசிரியர்கள் பாடம் நடத்தினார்கள். வாங் குங்வூ சுராபாயாவில் பிறந்து ஈப்போவில் வளர்ந்த சீனர். சின்னப்பா அரசரத்தினம் யாழ்ப்பாணத்து நவாலிக்காரர். இருவரும் 1930இல் பிறந்தவர்கள். இருவரும் 1950களின் நடுவில் லண்டனில் முனைவர் பட்டத்துக்காக உழைத்தவர்கள். ஒருவர் படித்தது சீன அரசவைக் குறிப்புகளை. மற்றவர் படித்தது டச்சுக் கம்பெனியின் கடிதங்களையும் கணக்குகளையும். ஓர் இனம் இன்னோர் இனத்தோடு எப்படி வாழ்ந்தது, எப்படிப் பேரம் பேசியது, எப்போது சண்டையிட்டது என்பதை எழுதுவதிலேயே இருவரும் ஆயுளைச் செலவழித்தார்கள். ஆனால் அவர்கள் எழுதிய முறை வேறு வேறு. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் அவர்களுடைய திறமையல்ல, அவர்கள் கைக்குக் கிடைத்த காகிதம் என்பது என் எண்ணம்.

வாங் குங்வூ என்றதும் கடல் கடந்த சீனர்களைப் பற்றி எழுதியவர் என்றுதான் பலருக்கும் நினைவு வரும். 1958இல் வெளிவந்த நன்ஹாய் எனப்படும் தென்கடல் வணிகம் பற்றிய அவருடைய ஆய்வு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது. ஆனால் லண்டனில் அவர் எழுதிய ஆய்வேடு தென்கடலைப் பார்க்கவில்லை. வடக்கே, புல்வெளியை ஒட்டிய எல்லையைப் பார்த்தது. தாங் பேரரசு சரிந்த பிறகு, 907 முதல் 960 வரை, வட சீனாவில் ஐந்து அரசமரபுகள் அடுத்தடுத்து வந்து போயின. அவற்றுள் மூன்று, ஷாத்துவோ துருக்கியர் நிறுவியவை. சீன மரபு வரலாறு இந்த ஐம்பது ஆண்டுகளை வெறும் குழப்பக் காலம் என்று ஒதுக்கிவைத்திருந்தது. வாங் அதை ஏற்கவில்லை. மாகாணப் படைத்தலைவர்களின் சொந்தப் பணியாளர் கூட்டமே மெல்ல மெல்ல மைய அரசாங்கமாக உருமாறியது என்றும், பின்னால் வந்த சோங் பேரரசு எழும்ப அதுவே அடித்தளமிட்டது என்றும் காட்டினார். 1963இல் மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை நூலாக வெளியிட்டது. வட சீன எல்லையின் அதிகார அமைப்பைப் பற்றிய நூலொன்று பந்தாய் வளாகத்திலிருந்து உலகத்துக்குப் போனது என்பதை இன்றைக்கு நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்?

அந்தக் காலத்துக் கதையொன்று எனக்குப் பிடித்தமானது. ஷீ ஜிங்தாங் என்ற ஷாத்துவோ தளபதிக்கு அரியணை வேண்டும், படை போதவில்லை. வடக்கே இருந்த கித்தானியரின் அரசனிடம் உதவி கேட்டார். கித்தானியர் பேசியது மங்கோலிய மொழிக்கு உறவான ஒரு மொழி. கைம்மாறாகப் பதினாறு மாவட்டங்களை விட்டுக்கொடுத்தார். போதாதென்று, தம்மைவிடப் பத்து வயது இளையவரான கித்தானிய அரசனைத் தந்தையென்று ஏற்றுக்கொண்டார். அந்த மாவட்டங்களை மீட்க சோங் பேரரசு பிறகு எவ்வளவோ முயன்றது, முடியவில்லை. கடைசியில் 1005இல் ஓர் உடன்படிக்கை: ஆண்டுதோறும் ஒரு லட்சம் தாயெல் வெள்ளியும் இரண்டு லட்சம் சுருள் பட்டும் கித்தானியருக்குப் போகும், இரு பேரரசர்களும் ஒருவரையொருவர் சகோதரரென்று அழைத்துக்கொள்வார்கள். 1983இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் வாங் இந்த நிலைமையை எடுத்துப் பேசினார். படை பலம் இல்லாதபோதும் பேரரசின் மொழி மட்டும் இறங்கிவரவில்லை. அயலாரெல்லாம் தாழ்ந்தவர்கள் என்ற நடை ஏட்டில் தொடர்ந்தது, வெள்ளியும் பட்டும் வடக்கே போய்க்கொண்டிருந்தன. ஏடு சொல்வதையும் வண்டியில் ஏறிப் போனதையும் தனித்தனியே வைத்துப் பார்க்கச் சொல்லித் தருகிறார் வாங். அவரிடம் கற்கவேண்டியதில் பாதி இதுதான்.

மங்கோலியரையும் சீனரையும் ஆராய்ந்த பிறரும் இந்த இடத்துக்கே வந்து சேர்கிறார்கள். ஹென்றி செர்ருயிஸ் என்ற பெல்ஜியக் கத்தோலிக்கக் குரு மிங் காலத்து மங்கோலிய உறவுகளை மூன்று பாகங்களாக எழுதினார். மூன்றாம் பாகம் முழுக்கக் குதிரைச் சந்தைகளைப் பற்றியது. செச்சின் ஜக்சித் என்ற மங்கோலிய அறிஞர் 1989இல் ஓர் அமெரிக்க ஆய்வாளரோடு சேர்ந்து எழுதிய நூல் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. புல்வெளி மக்களுக்குத் தானியமும் துணியும் தேவை. எல்லையில் சந்தை திறந்திருந்தால் வாங்கிக்கொள்வார்கள், அடைத்துவிட்டால் கொள்ளையடிப்பார்கள். 1550இல் அல்தான் கான் பெய்ஜிங்கின் புறநகர் வரை வந்து தீ வைத்தார். 1571இல் மிங் அரசு பட்டமும் கொடுத்துச் சந்தையும் திறந்தபின் அந்த எல்லை அடங்கியது. இரண்டாயிரம் ஆண்டு உறவை ஒரே சாவியால் திறந்துவிட முடியுமா என்று கேட்கலாம். மங்கோலியருக்குள்ளேயே நடந்த தலைமைச் சண்டைகளுக்கு ஜக்சித்தின் விளக்கத்தில் போதிய இடமில்லை என்பது என் குறை. ஆனாலும் நாகரிகத்துக்கும் காட்டுமிராண்டித்தனத்துக்கும் நடந்த போர் என்று பள்ளிப் பாடநூல்கள் சொல்லிவந்த பழைய கதையைவிட இது எத்தனையோ மேல்.

இனி அரசரத்தினம். இலங்கையில் 1658 முதல் 1687 வரையிலான டச்சு அதிகாரம் பற்றி அவர் எழுதிய ஆய்வு 1958இல் ஆம்ஸ்டர்டாமில் நூலாக வந்தது. 1960களின் தொடக்கத்தில் கோலாலம்பூருக்கு வந்து, தனிநாயகம் அடிகள் தலைமையில் இருந்த இந்திய ஆய்வியல் துறையில் சேர்ந்தார். பிறகு வரலாற்றுத் துறைக்கு மாறிப் பேராசிரியரானார். 1966 ஏப்ரலில் அடிகளார் முன்னின்று இங்கே நடத்திய முதல் உலகத் தமிழ் மாநாட்டைப் பற்றிப் பேசாத மேடை மலேசியத் தமிழரிடையே கிடையாது. அடிகளாரின் பெயர் நிலைத்தது. அரசரத்தினத்தின் பெயரை மேடையில் நான் அதிகம் கேட்டதில்லை; அவர் மேடைக்கு உதவக்கூடிய வரலாறு எழுதியவர் அல்லர்.

அவர் எழுதியது சோழமண்டலக் கரையின் வணிகர்களை. பரங்கிப்பேட்டை, நாகூர், நாகப்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து துணி ஏற்றிக்கொண்டு அச்சே, கெடா, பேராக், ஜொகூர் என்று போன சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள். பழவேற்காட்டிலும் மதராசிலும் கம்பெனிகளுக்குத் துணி வாங்கிக் கொடுத்த தெலுங்குச் செட்டிகள். இவர்களைப் பற்றி ஒரு தமிழ் அரசவைக் குறிப்பும் கிடையாது. வணிகர்களின் சொந்தக் கணக்கேடுகளும் நமக்கு வந்து சேரவில்லை. இருப்பவை, இவர்களோடு போட்டியிட்ட, இவர்களை ஒடுக்கப் பார்த்த கம்பெனிக்காரர்கள் தங்கள் மேலதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்கள். டச்சுக்காரன் ஒரு மரைக்காயரைத் திட்டி எழுதியிருக்கிறான் என்றால், அந்த மரைக்காயர் அவனுடைய வணிகத்தில் கை வைத்துவிட்டார் என்று பொருள். திட்டுகளை எண்ணியே வணிகத்தின் அளவை ஊகிக்கும் ஒரு வித்தை அரசரத்தினத்துக்குக் கைவந்திருந்தது.

1641இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்ததும் நீரிணையில் போகும் கப்பல்களெல்லாம் அங்கே ஒதுங்கி அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்றார்கள். கெடா, பேராக் ஈயத்தைத் தாங்கள் மட்டுமே வாங்கப் பார்த்தார்கள். சந்தையை அடைத்தால் என்ன நடக்கும் என்று சீனப் பெருஞ்சுவர் ஓரத்தில் பார்த்தோம். இங்கே குதிரைப்படை இல்லை. சூலியாக்கள் கொள்ளையடிக்கவில்லை, வழியை மாற்றிக்கொண்டார்கள். மலாக்காவை விட்டு மலாய் அரசர்களின் துறைமுகங்களுக்குப் போனார்கள். சிலர் சுல்தானுக்காக வணிகம் பார்க்கும் ராஜ சவுதாகர்களாகவே ஆனார்கள். மலாக்கா டச்சு வணிகத்தையும் தமிழ்க்கரை வணிகத்தையும் பற்றி 1969இல் அவர் எழுதிய கட்டுரை அளவில் சிறியது. ஆனால் கெடாவிலும் பினாங்கிலும் இன்றும் இருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் முன்கதையை அறிய அதைத் தாண்டிப் போகமுடியாது.

இருவரில் வாங்குக்குத் தொடர்ச்சி கிடைத்தது. சீன அரசு ஒவ்வொன்றும் தனக்கு முந்தைய அரசின் வரலாற்றை எழுதிவைத்ததால், எல்லையில் நடந்ததை நூற்றாண்டு நூற்றாண்டாகத் தொடர்ந்து பார்க்க அவரால் முடிந்தது. அந்த வசதிக்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. அரசவைக் குறிப்பில் அரசர்களும் தூதர்களும் தளபதிகளும்தாம் தெரிவார்கள். குதிரையை ஓட்டிவந்து விற்றவனின் முகம் தெரியாது. அரசரத்தினத்துக்குத் தொடர்ச்சி கிடைக்கவில்லை. கம்பெனி ஓரிடத்தில் கடையை மூடினால் அந்த ஊர் அவருடைய வரலாற்றிலிருந்தும் மறைந்துவிடும். ஆனால் கம்பெனிக்காரன் கணக்கன்; யாருக்கு எவ்வளவு முன்பணம், எந்தத் தரகனிடம் எத்தனை கட்டுத் துணி என்று எழுதிவைத்தான். அதனால் அரசரத்தினத்தின் நூல்களில் நெசவாளியும் தரகனும் கப்பல்காரனும் பேரம் பேசுவது கேட்கிறது. வியந்து படிக்க எனக்கு வாங். உடனிருந்து பார்ப்பதுபோல் படிக்க அரசரத்தினம். ஒருவரை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் சிரமப்பட்டுத்தான் அரசரத்தினத்தை எடுப்பேன். இனப்பற்று ஒரு பங்கு. தோற்றவர்களின் வரலாற்றை வென்றவர்களின் காகிதத்திலிருந்து மீட்பது கூடுதல் கடினம் என்பது மறு பங்கு.

இருவருடைய துறைகளும் தொட்டுக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. ஹான் காலத்துச் சீன வரலாறு ஹுவாங்ஜீ என்ற தொலைதூர நாட்டைச் சொல்கிறது, பொ.ஆ. 2இல் அங்கிருந்து ஓர் உயிருள்ள காண்டாமிருகம் சீனாவுக்கு வந்ததாம். அந்த நாடு காஞ்சிபுரம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து; நன்ஹாய் வணிகத்தை எழுதிய வாங் அந்தக் குறிப்பைக் கடந்துதான் போகவேண்டியிருந்தது. 1403இல் மிங் பேரரசர் யோங்லேயின் அவைக்கு மேற்குக்கடல் நாட்டு முஸ்லிம் வணிகர்கள் மிளகோடு வந்தார்கள். வரி போடவேண்டும் என்றார்கள் அதிகாரிகள், வேண்டாமென்றார் பேரரசர். மலாக்கா என்றொரு புதிய துறைமுகம் இருக்கும் செய்தி இப்படிப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்கள் வாயிலாகவே சீன அவைக்கு எட்டியிருக்கலாம் என்பது மலாக்கா-சீன உறவின் தொடக்கத்தை ஆராய்ந்த வாங்கின் ஊகம்.

எல்லாவற்றையும்விட வியப்பானது சுவான்ஜோ கல்வெட்டு. 1276இல் மங்கோலியர் சோங் தலைநகரைப் பிடித்தார்கள். 1279இல் மிச்சமிருந்த சோங் படையும் கடலில் அழிந்தது. இரண்டே ஆண்டு கழித்து, 1281இல், சுவான்ஜோ துறைமுகத்தில் சம்பந்தப்பெருமாள் என்ற தமிழர் திருக்கதலீசுவரம் என்ற சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்கிறார். யாருடைய நலத்துக்காக? செகசைக் கானின் நலத்துக்காக. அது குப்ளாய் கான் என்பதே பொதுவான கருத்து. தமிழ் எழுத்து வரிகளின் கீழே சீன எழுத்தில் ஒரு வரி. புல்வெளியிலிருந்து வந்து சீனாவை வென்ற ஒருவனுக்கு, சீன மண்ணில், தமிழன் சிவனை வேண்டுகிறான். அந்த ஆண்டுகளில் குப்ளாயின் தூதர் யாங் திங்பி கொல்லத்துக்கும் பாண்டியர் ஆண்ட மாபார் கரைக்கும் வந்துபோய்க்கொண்டிருந்தார். சோங் அதிகாரிகள் மீது வென்றவனுக்கு நம்பிக்கையில்லை. கடல் வணிகம் தெரிந்த அயலார் அவனுக்குத் தேவைப்பட்டார்கள். அயலாருக்கோ ஆட்சி யாருடையது என்பது இரண்டாம் கேள்வி. துறைமுகம் திறந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. மங்கோலிய-சீன உறவின் நடுவே மூன்றாம் ஆளாக நின்று தமிழன் பிழைத்திருக்கிறான். வாங்கின் ஏட்டுக்கும் அரசரத்தினத்தின் கணக்குக்கும் வெளியே, கல்லில், அவன் தானே எழுதிவைத்த சான்று இது.

உள்ளூருக்கு வருவோம். இங்கே இருவரும் ஒன்றையே செய்தார்கள்: தங்கள் தங்கள் இனத்தை எழுதினார்கள். வாங் 1959இல் நன்யாங் எனப்படும் தென்கிழக்கு ஆசியச் சீனர்களின் சுருக்க வரலாற்றை எழுதினார். அரசரத்தினம் 1970இல், 1969 மே இனக்கலவரத்துக்கு அடுத்த ஆண்டு, மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்களின் வரலாற்றை எழுதினார். இரண்டும் நல்ல நூல்கள். ஆனால் சீனரும் தமிழரும் இதே மண்ணில் அடுத்தடுத்து நின்று ஈயம் தோண்டியதையும் பால் மரம் சீவியதையும் தண்டவாளம் போட்டதையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பது இரண்டுக்குமே நோக்கமாக இருக்கவில்லை. வட சீன எல்லையில் பல இனங்கள் கலந்ததை அவ்வளவு நுணுக்கமாக எழுதியவரும், கெடா துறைமுகத்தில் மலாய்க்காரரும் டச்சுக்காரரும் சூலியாவும் மோதியதை எழுதியவரும், பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த பிரிக்பீல்ட்ஸுக்கு வந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துபோனார்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்லமுடியாது. இங்கேயும் காகிதந்தான் வழி வகுத்தது. வெள்ளைக்காரன் சீனர்களைக் கவனிக்க 1877இல் சீனப் பாதுகாவலர் அலுவலகத்தைத் திறந்தான். தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்கு 1907இல் இந்தியக் குடியேற்றக் குழு வந்தது. பிறகு தொழிலாளர் இலாகா வந்தது. இரண்டு இனத்துக்கும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு அதிகாரி, வேறு வேறு கோப்பு. தவுக்கே எனப்படும் சீன முதலாளிக்கு வட்டிக்குப் பணம் கொடுத்த கிள்ளான் செட்டியாரோ, சீனக் குழந்தையை எடுத்து வளர்த்த தமிழ்க் குடும்பமோ இந்த அலுவலகங்களுக்குப் பிரச்சினை அல்ல. எனவே கோப்பிலும் இல்லை. அப்படி வளர்ந்து, சேலை கட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும் சீனப் பாட்டிகளை அறியாத மலேசியத் தமிழர் குறைவு. இனவாரியாகக் கோப்பு போட்டவனின் ஆவணத்தில் அவர்களை எந்தப் பெயரில் தேடுவது?

சண்டை வந்தால் மட்டும் கோப்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. ரப்பர் விலை ஏறியும் தமிழர் கூலி அதற்கேற்ப ஏறவில்லை. சீனத் தொழிலாளிக்கோ அதைவிடக் கூடுதல். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தை முன்னின்று நடத்தினார். கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள்: சீனருக்கு நிகரான கூலி, கள்ளுக்கடைகளை மூடவேண்டும், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்தவேண்டும், துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும். முதல் கோரிக்கையைக் கவனியுங்கள். பக்கத்துத் தோட்டத்துச் சீனனின் கூலி எவ்வளவு என்று தமிழனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் எப்படிப் போராடி வாங்கினான் என்பதும் தெரியாமல் இருந்திருக்காது. 1937இல் சீனத் தொழிலாளர்கள் சிலாங்கூர் பக்கம் பெரிய வேலைநிறுத்தங்கள் நடத்தியிருந்தார்கள். அதிகாரி பார்த்தது கலகத்தை. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள், படையை இறக்கினார்கள், தொழிலாளர் ஐவர் சுடப்பட்டு மாண்டார்கள். டச்சுக்காரனின் திட்டிலிருந்து மரைக்காயரின் வணிகத்தை அளந்த அரசரத்தினத்தின் வித்தையை இந்தக் கோப்புகளின் மேல் பயன்படுத்தினால், சீனரும் தமிழரும் ஒருவரிடமிருந்து ஒருவர் என்ன கற்றார்கள் என்பது கிடைக்கும்.

வாங் 1968இல் கான்பெராவுக்குப் போனார். பிறகு ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகி, இறுதியில் சிங்கப்பூரில் தங்கினார். அரசரத்தினம் 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேலுக்குப் போய்விட்டார், 1998இல் மறைந்தார். சோழமண்டல வணிகர்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1986இல் அங்கிருந்துதான் வந்தது. இருவரும் கோலாலம்பூரிலேயே இருந்திருந்தால் கூட்டாக ஒன்று எழுதியிருப்பார்களா? எழுதியிருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அந்தத் தலைமுறைக்கு அவரவர் இனத்தின் வரலாற்றை நிலைநாட்டுவதே அவசரப் பணியாக இருந்தது.

இரண்டு இனத்தையும் சேர்த்து எழுத இனி வரும் ஆய்வாளருக்குச் சிலாங்கூரின் ரவாங் நல்ல தொடக்கம். தம்புசாமிப் பிள்ளையை நாம் பத்துமலையோடு சேர்த்து நினைக்கிறோம். லோக் இயூவைச் சீனர்கள் ஈயத் தவுக்கேயாகவும் கொடை வள்ளலாகவும் நினைக்கிறார்கள். இருவரும் கூட்டாக ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார்கள். 1894 வாக்கில் அங்கே மின்சாரப் பம்பு ஓடியது, நாட்டில் மின்சாரம் பயன்பட்ட முதல் இடங்களில் அது ஒன்று. 1893இல் விக்டோரியா இன்ஸ்டிட்யூஷன் பள்ளியைத் தொடங்கியபோதும் இருவர் பெயரும் ஒரே பட்டியலில் இருந்தது. முதல் யாருடையது, இலாபம் எப்படிப் பங்கிடப்பட்டது, பம்பை ஓட்டியவர்கள் எந்த மொழியில் சத்தம் போட்டுக்கொண்டார்கள், கடனுக்கு எந்தச் செட்டியாரிடம் போனார்கள்? தமிழர் எழுதிய தம்புசாமி வரலாற்றில் லோக் இயூ ஒரு வரி. சீனர் எழுதிய லோக் இயூ வரலாற்றில் தம்புசாமி ஒரு வரி. நிலப் பத்திரங்களும் சுரங்க உரிமங்களும் இனவாரிக் கோப்பில் அடங்குபவை அல்ல. நிலத்தின் பேரால் பதிவானவை. தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.